டாக்டர் கோமதியும் ஒரு பொடி டப்பாவும்

சங்கரன் தொலைபேசியில் கூப்பிட்டபோது அடுப்பில் பால் இருந்தது. "அத்தை, அம்மா காலையில போயிட்டா" என்றான். என் தட்டச்சு மேசைக்குப் பக்கத்தில் சேலைத் தொட்டிலில் கிடந்து கத்தியவனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் நின்றேன்.

அவனே கொஞ்சம் தேறிக்கொண்டு சொன்னான். முந்தின நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் ஒரு சின்ன நர்ஸ் படிவமும் கையுமாக வந்து, நின்றபடியே வரிசையாகக் கேட்டிருக்கிறாள். சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, புகையிலைப் பழக்கம் உண்டா? மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த அவன் அம்மா, டாக்டர் கோமதி, கண்ணைத் திறந்து, "இருந்துச்சு. விட்டாச்சு. ஆனா நீ நின்னுக்கிட்டுக் கேட்டா எவளும் உண்மையச் சொல்ல மாட்டா. நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்து கேளு" என்றாராம். நர்ஸ் உட்கார்ந்தாளாம். இதைச் சொல்லிவிட்டு சங்கரன் சிரித்தான், பிறகு அழுதான். நானும் அதே வரிசையில் செய்தேன்.

தென்காசிக்காரர்களான உங்களில் பெரும்பாலோருக்கு அவரை எண்பதுகளின் குழந்தை வைத்தியராகத்தான் தெரிந்திருக்கும். உங்கள் பிள்ளைக்கு ஊசி போட்டிருப்பார், உங்களைத் திட்டியிருப்பார். எனக்கு அதற்கு முன்பே தெரியும். எழுபதுகளின் கடைசியில் அவர் ஓர் ஆய்வுக்காகத் தென்காசிக்கு வந்தார். அந்த ஆய்வு அலுவலகத்தில் தட்டச்சு செய்பவள், கோப்பு அடுக்குபவள், தண்ணீர் பிடித்து வைப்பவள், தொட்டில் ஆட்டுபவள் எல்லாம் நான் ஒருத்திதான். அவரைவிட மூன்று வயது மூத்தவள் என்பதால் என்னை 'வடிவக்கா' என்பார். நான் 'டாக்டரம்மா' என்பேன். சண்டை வந்தாலும் இந்த மரியாதையை விட மாட்டோம். மரியாதையோடு போட்டால்தான் சண்டையை வெகுநேரம் இழுக்க முடியும்.

ஆய்வின் பெயரை இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். 'பாலூட்டும் தாய்மாரிடையே போதை மற்றும் புகையிலைப் பழக்கம்.' பட்டணத்து மருத்துவக் கல்லூரி ஒன்றின் பேராசிரியர் அங்கிருந்தே கடிதம் மூலம் ஆட்டி வைப்பார், நாங்கள் இங்கே ஆடுவோம். கோயில் பக்கத்தில், அன்றைக்கு மொட்டையாக நின்ற கோபுரம் தெரியும்படி, ஓர் அப்பளக் கடைக்கு மேலே எங்கள் அறை. பெயர்ப்பலகை எழுத வந்த பெயிண்டருக்கு ஆய்வின் பெயர் முழுவதும் பலகையில் அடங்கவில்லை. அவராகவே முடிவு செய்து 'போதை' என்பதைப் பெரிதாகவும் மற்றதைப் பொடியாகவும் எழுதிவிட்டுப் போய்விட்டார்.

அப்போது மதுவிலக்கு இருந்த காலம். டாக்டர் சான்று கொடுத்தால் குடிப்பதற்குப் பெர்மிட் வாங்கலாம். மறுநாள் காலையில் மாடிப்படியில் ஆம்பிளைகள் வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்றவர் வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. "பெர்மிட்டுக்கு வந்திருக்கோம் தாயி. நான் ரொம்ப நாளா அடிமை" என்றார் பணிவாக. டாக்டரம்மா ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல், "உக்காருங்க அண்ணாச்சி. பிள்ளை பெத்து எத்தனை மாசம் ஆச்சு? பால் நல்லா ஊறுதா?" என்று கேட்டார். அண்ணாச்சி படியில் இறங்கிய வேகத்தில் வரிசை முழுவதும் கலைந்தது.

ஆண்களை விரட்டியது சுலபம். பெண்களிடம் பதில் வாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. கடையம் போகிற வழியில் பீடி சுற்றும் பெண்கள் நிறைந்த ஒரு தெருவைத்தான் நாங்கள் முதலில் எடுத்துக்கொண்டோம். மடியில் முறம்போல் சொளகு, சொளகில் இலையும் புகையிலைத் தூளும், சொளகுக்குக் கீழே பால் குடிக்கிற பிள்ளை. அந்தத் தெருவுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் பேச்சியம்மாள். மூன்றாவது பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "புகையிலை போடுவியா?" என்று டாக்டரம்மா கேட்டதும், ஒரு விரலைக் காட்டிப் பொறுக்கச் சொல்லிவிட்டு, எழுந்து போய் வாசலில் சிவப்பாகத் துப்பிவிட்டு வந்து, "தொட்டதே கிடையாது டாக்டரம்மா" என்றாள். நான் 'இல்லை' என்று எழுதினேன். அந்த வாரம் முழுக்க, அந்தத் தெரு முழுக்க, 'இல்லை' என்றே எழுதினேன்.

எனக்கு எரிச்சல். "இவளுக பொய் சொல்லுதாளுக, நாம அதை ஸ்டென்சில் அடிச்சு வைக்கோம்" என்றேன். டாக்டரம்மா சொன்னார்: "இல்லைன்னு சொன்னா, இன்னொரு தடவை வான்னு அர்த்தம் வடிவக்கா. வீட்டை விட்டுப் போன்னு சொல்லலேல்லா?" இன்னொரு தடவை போனோம். இன்னும் ஒரு தடவை போனோம். நான்காவது தடவை பேச்சி எங்களைக் கண்டதும், நாங்கள் கேட்குமுன்பே எல்லாக் கேள்விகளையும் வரிசை மாறாமல் தானே சொல்லி, எல்லாவற்றுக்கும் இல்லை என்று தானே பதிலும் சொல்லிவிட்டுப் பீடி சுற்றப் போய்விட்டாள்.

அப்புறம் டாக்டரம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. தன்னைப் பற்றிச் சொல்லாதவள் பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்லுவாள் அல்லவா? கேட்டுப் பார்த்தோம். அடடா, ஒரே நாளில் படிவம் தீர்ந்துபோயிற்று. யார் வெற்றிலையோடு போடுகிறாள், யார் மாமியாருக்குத் தெரியாமல் போடுகிறாள், யார் பிள்ளை தூங்குவதற்குச் சாராயத்தில் விரலை நனைத்துச் சப்பக் கொடுக்கிறாள் என்று நாள், கிழமையோடு வந்து விழுந்தது. மூன்றாம் நாள் தண்ணீர்க் குழாயடியில் இந்தத் தகவல்கள் ஒன்றோடொன்று சந்தித்துக்கொண்டன. குடங்கள் நெளிந்தன. ஒருத்தியின் தலைமுடி இன்னொருத்தியின் கையில் கொத்தாக இருந்தது. டாக்டரம்மா அந்தப் படிவங்களை எல்லாம் கிழித்துப் போட்டார். "தகவல் கிடைச்சுது, தெரு போச்சு" என்றார். எனக்கு விரல் வலித்ததுதான் மிச்சம்.

இந்த லட்சணத்தில் பேராசிரியர், தாய்ப்பால் மாதிரிகள் வேண்டும் என்று எழுதினார். பாலில் புகையிலையின் சத்து இறங்குகிறதா என்று பார்க்க வேண்டுமாம். சின்னச் சின்னப் புட்டிகள் வந்தன. தெருவில் கொடுத்தோம். ஆச்சரியம், ஒருத்தியும் மறுக்கவில்லை. மறுநாள் காலையில் எல்லாப் புட்டிகளும் நிரம்பி, பேச்சி வீட்டு வாசலில் அழகாக வரிசையில் இருந்தன. ஐஸ் பெட்டியில் வைத்துப் பஸ்ஸிலும் ரயிலிலுமாக அனுப்பி வைத்தோம். நான் மனசுக்குள் அந்தப் பெண்களிடம் மன்னிப்புக்கூடக் கேட்டுக்கொண்டேன்.

பேராசிரியரின் பதில் இரண்டே வரி. 'மாதிரிகள் அனைத்தும் வியக்கத்தக்க முறையில் ஒரே மாதிரியாக உள்ளன. இவை வெள்ளாட்டின் பால் என்று ஆய்வகம் கருதுகிறது.'

பேச்சியின் வீட்டில் ஒரு வெள்ளாடு நின்றது. அதைப் பார்த்தபடியே டாக்டரம்மா, "ஏட்டி பேச்சி, ஏன்டி?" என்றார். பேச்சி கொஞ்சமும் அசரவில்லை. "தாய்ப்பாலு வாசப்படி தாண்டலாமா டாக்டரம்மா? அங்கன பட்டணத்துல நாலு பேரு கண்ணு பட்டா இங்கன மாரு வத்திப் போவும். பிள்ளைக்கு நீங்களா வந்து குடுப்பிய? நீங்களும் பாவம், வெறும் புட்டியோட போனா உங்களுக்கு ஏச்சு விழும். அதான் ஆட்டுல பீச்சிக் குடுத்தோம்" என்றாள். எங்களுக்கு உதவிதான் செய்திருக்கிறார்கள். எத்தனை நல்ல மனசு!

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். டாக்டரம்மாவுக்கு மூக்குப்பொடிப் பழக்கம் இருந்தது. மருத்துவக் கல்லூரியில் கண் விழித்துப் படிக்கத் தொடங்கிய பழக்கம். சின்னப் பித்தளை டப்பா ஒன்று கைப்பையின் அடியில் கிடக்கும். சங்கரன் பிறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது, கணவர் தூத்துக்குடியில் வேலை பார்த்தார், சனிக்கிழமைதான் வருவார். இந்தப் பழக்கம் அவருக்கே தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் கடையில் போய், "எங்க பெரியப்பாவுக்கு" என்று சொல்லிப் பொடி வாங்கி வருபவள் நான்தான். ஊர் ஊராகப் போய் பால் கொடுக்கிற பெண்களிடம் புகையிலை போடுகிறாயா என்று கேட்டுவிட்டு, ஆய்வுக்குக் கொடுத்திருந்த ஜீப்பில் ஏறியதும் முந்தானையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒரு சிட்டிகை இழுப்பார். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

குற்றாலத்தில் சீசன் தொடங்கியது. குழாயடிச் சண்டையைத் தீர்க்கவும், ஆட்டை விட்டுவிட்டுப் பெண்களிடமே பால் கேட்கவும், தெருப் பெண்களை எல்லாம் ஒரு நாள் ஐந்தருவிக்கு அழைத்துப் போவது என்று டாக்டரம்மா முடிவு செய்தார். பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பதால் பால் கொடுப்பவள் அருவியில் குளிக்க மாட்டாள் என்றார்கள். பிறகு சாரல் முகத்தில் விழுந்ததும், பாதிப் பேர் குளிக்க, பாதிப் பேர் பிள்ளைகளை வைத்துக்கொள்வது என்று சமாதானம் ஆனார்கள். தலைமுடியைப் பிடித்து இழுத்தவளின் பிள்ளையை, இழுபட்டவள் வைத்திருந்தாள். நான் சங்கரனை மடியில் போட்டுக்கொண்டு, டாக்டரம்மாவின் கைப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சங்கரனுக்குத் துணி மாற்றக் குனிந்தேன், அவ்வளவுதான். குரங்கு ஒன்று பையைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. முதலில் சீப்பு விழுந்தது. அப்புறம் பேராசிரியரின் கடிதம். கடைசியாக அந்தப் பித்தளை டப்பாவை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, உள்ளே மூக்கை விட்டது. அந்தத் தும்மலை நான் இன்றுவரை மறக்கவில்லை. தும்மிவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தது பாருங்கள், நாங்கள் ஏதோ சூழ்ச்சி செய்தது போல. டப்பாவை எறிந்துவிட்டு ஓடிவிட்டது. டப்பா நேராகப் பேச்சியின் காலடியில் வந்து விழுந்தது.

பேச்சி எடுத்து முகர்ந்தாள். வருஷக்கணக்கில் புகையிலையோடு இருக்கிற கை. "பட்டணம் பொடி. நல்ல சரக்கு. யாருது?" என்றாள்.

"என்னோடது" என்றேன் நான், சட்டென்று.

டாக்டரம்மா அப்போதுதான் அருவியிலிருந்து நனைந்த சேலையோடு வந்துகொண்டிருந்தார். டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்தார். பேசாமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் பேராசிரியருக்கும் கணவருக்கும் தெரியாது, வேலைக்கும் ஆபத்து இல்லை. ஆனால், "வடிவக்கா பொய் சொல்லுதா. அது என்னோடது" என்றார். பிறகு ஈரத்தோடு அந்தப் பாறையிலேயே உட்கார்ந்து, "இவன் தூங்காமக் கத்துதான். ஏன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போடுதேன்" என்றார்.

பேச்சிதான் முதலில் எழுந்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் வந்து டாக்டரம்மாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "வடிவக்கா, படிவத்த எடுங்க. நான் கேக்கேன், நீங்க எழுதுங்க" என்றாள். அவளுக்குத்தான் எல்லாக் கேள்வியும் மனப்பாடம் ஆயிற்றே.

"வயசு?"

"இருபத்தொம்பது."

"புகையிலை ஏதாவது ஒரு விதத்துல உண்டா?"

"உண்டு."

"நாளைக்கு எத்தனை தடவை?"

"நாலு."

பேச்சி அவர் முகத்தையே பார்த்தாள். "நல்லா யோசிச்சு வைங்க. இன்னொரு தடவை வாரேன்" என்றாள்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "பத்து. எழுதுங்க வடிவக்கா, பத்து."

அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்தாள். அன்று மாலை பஸ் ஏறுமுன் என்னிடம் இருந்த தாள்கள் முழுவதும் உண்மையால் நிரம்பிவிட்டன. டாக்டரம்மா தன் படிவத்தின் தலைப்பில் 'எண் 1' என்று எழுதினார். பாலும் கிடைத்தது. டாக்டரம்மா தன் பாலையும் ஒரு புட்டியில் வைத்தார். 'டாக்டரு பாலும் கூடப் போவுதுல்லா, கண்ணு பட்டா எல்லாத்துக்கும் சேத்துப் படட்டும்' என்று பேச்சியே தெருவைச் சமாதானப்படுத்தினாள். பாலை யாரும் நிறுத்த வேண்டாம், புகையிலையை நிறுத்திப் பார்ப்போம் என்பது ஒப்பந்தம். பிள்ளை பால் குடி மறக்கும்வரை பேச்சி வாயில் போடுவதில்லை, டாக்டரம்மா மூக்கில் போடுவதில்லை. பிள்ளையைத் தூக்குமுன் பீடித்தூள் படிந்த கையைக் கழுவ வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு பானைத் தண்ணீர்.

மறுநாள் சிற்றாற்றுப் பாலத்தில் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். டப்பாவை ஆற்றில் எறியப் போனவர், கையை ஓங்கி ஓங்கி இறக்கினார். கடைசியில் என்னிடம் கொடுத்து, "எனக்குக் கை வரல. நீங்க போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த மாதம் முழுவதும் எனக்குப் போதாத காலம். கார்பன் தாளை முகர்ந்து பார்ப்பார். காப்பித்தூள் டப்பாவை முகர்வார். ஒரு நாள் பெருங்காய டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். என் தட்டச்சில் ஒரு கொம்பு விடுபட்டதற்காக அரை மணி நேரம் திட்டிவிட்டு, கீழே அப்பளம் பொரிக்கிற வாசனை வந்ததும் அழுதார். தாங்க முடியாதபோது குற்றாலத்துக்குப் பஸ் ஏறிப் போய் அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வருவார். அந்தச் சீசனில் அவரைப் போல் குளித்தவர் யாரும் இல்லை. பேச்சி அவருக்கு ஒரு பொட்டலம் கிராம்பு கொடுத்து அனுப்பினாள். கூடவே ஒரு செய்தியும் சொல்லி விட்டாள்: "நான் என் புருசன ரெண்டு தடவை அடிச்சிட்டேன். நீங்க எப்படி இருக்கிய?" சங்கரன் மட்டும் மெல்ல மெல்லத் தூங்க ஆரம்பித்தான். தொட்டில் ஆட்டாமலே நான் தட்டச்சு செய்த முதல் நாளில், இருவரும் மாறி மாறி எட்டிப் பார்த்தோம், மூச்சு வருகிறதா என்று.

பேராசிரியரின் கடிதம் அப்போதுதான் வந்தது. ஆய்வு செய்பவரே ஆய்வுக்கு உட்பட்டவராக இருப்பது முறையன்று, படிவம் எண் ஒன்றை நீக்கிவிட்டால் அறிக்கையில் டாக்டரின் பெயர் இருக்கும், இல்லையேல் இராது என்று எழுதியிருந்தார். அந்தப் பெயர் இருந்தால் டாக்டரம்மாவுக்குக் கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைக்கும். அதற்காகத்தான் கைப்பிள்ளையோடு அலைந்தார். "எடுத்துருங்க டாக்டரம்மா, ஒரே ஒரு தாளு. யாருக்குத் தெரியப் போவுது?" என்று கெஞ்சினேன். "பேச்சிக்குத் தெரியும்" என்றார். பதிலை அவரே சொல்ல நான் அடித்தேன். 'முதல் படிவம் உண்மையாக இருந்ததால்தான் மற்றவை உண்மையாயின. அது இருக்கட்டும், என் பெயர் வேண்டாம்.' அறிக்கை அச்சாகி வந்தது. எழுதியவர்கள் பட்டியலில் டாக்டர் கோமதி இல்லை. உள்ளே ஓர் அட்டவணையில், பெயரில்லாத தாய்மார்களுக்கு நடுவே இருந்தார். அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல கூட்டத்துலதான் இருக்கேன்" என்றார்.

அதற்குப் பிறகுதான் தென்காசியில் உங்களுக்கெல்லாம் தெரிந்த அந்த ஆஸ்பத்திரியை வைத்தார். எந்தத் தாயிடமும் நின்றுகொண்டு எதையும் கேட்டதில்லை. பேச்சி, தன் பிள்ளை பால் மறந்த மறுநாளே வெற்றிலை, புகையிலையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, "திரும்பப் போட ஆரம்பிச்சிட்டேன், சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். திட்டு விழும் என்று நான் ஓரமாய் நின்றேன். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு. சொல்லணும்னு தோணிச்சு பாத்தியா, அது போதும் இன்னைக்கு" என்றார். அதன் பிறகு இரண்டு தடவை விட்டாள், இரண்டு தடவை ஆரம்பித்தாள், நான்கு தடவையும் வந்து சொன்னாள்.

என்னிடம் அவர் கேட்டது எல்லாம் ஒன்றே ஒன்று. இத்தனை வருஷத்தில் எப்போது பார்த்தாலும், "வடிவக்கா, ஜலதோஷம் எப்படி இருக்கு?" என்பார். "சாரல் காத்துல்லா, அதான்" என்பேன். சாரல் இல்லாத சித்திரை மாதத்திலும் அதையே சொல்லியிருக்கிறேன். எனக்குப் பிள்ளை இல்லை, அந்த ஆய்வின் படிவம் எனக்குப் பொருந்தாது, எனவே என்னை யாரும் எதையும் எழுதச் சொல்லவில்லை. அவர் சிரித்துக்கொண்டே, "சரி, இன்னொரு தடவை கேக்கேன்" என்று போய்விடுவார்.

அவரை வீட்டில் கிடத்தியிருந்தபோது பேச்சி வந்தாள். தள்ளாத உடம்பு, கொள்ளுப்பேத்தி கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். தலைமாட்டில் குனிந்து, "டாக்டரம்மா, இன்னைக்கும் போட்டுட்டுத்தான் வந்திருக்கேன். சொல்லிட்டேன்" என்று சத்தமாகவே சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "வடிவக்கா, நீங்க சொல்லிட்டியளா?" என்று கேட்டு, தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. சிற்றாற்றில் நான் எறியாத டப்பாவை, அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அன்று சாயங்காலமே திறந்து பார்த்ததை, அதற்குப் பிறகு ஒரு நாளும் மூட முடியாமல் போனதை, ஊரே தெரிந்து வைத்துக்கொண்டு ஒருவரும் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். ஐந்தருவியில் அவருக்காக நான் சொன்ன பொய்யை இத்தனை காலமும் உண்மையாக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியவை இரண்டு. ஒன்று, மூடியில் குரங்கின் பல் பட்ட பித்தளை டப்பா. இன்னொன்று, நான் பதில் சொல்லாமலே வைத்திருந்த அவருடைய கேள்வி. டப்பாவை என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. கேள்வியை மட்டும் இனியும் வைத்திருக்கக் கூடாது என்று தோன்றியது. கூட்டம் கொஞ்சம் விலகியதும் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஜலதோஷம் இல்ல டாக்டரம்மா" என்றேன்.